இரு கடல் கூடும் மணல்முனை



நிலம் கடலுக்குள் நீண்டு சென்று முடியும் இடத்தைத் தமிழில் முனை என்கிறோம். மலாய் மொழியில் அதனைத் தஞ்சோங் என்பர். அப்பெயர் கொண்ட ஊர்கள் நம் நாட்டில் பல உள்ளன. அவற்றுட் சில பாறையால் ஆனவை. அலை எத்துணை மோதினும் அசைவதில்லை. ஆனால், மணலால் மட்டுமே ஆகி, இருபுறமும் இருவேறு கடல்களைக் கொண்ட முனையொன்று தமிழகத்தின் தென்கிழக்குக் கோடியில் உள்ளது. தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையே அது. ஆண்டிறுதி விடுமுறையில் தமிழகம் சென்றிருந்தபோது நாங்கள் அங்குக் கண்டவற்றை உங்களுக்குக் கூற விழைகின்றோம்.

இராமேசுவரம் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் தனுஷ்கோடி உள்ளது. 2017ஆம் ஆண்டில் முனை வரைக்கும் சாலை திறக்கப்பெற்றது. போகப் போக நிலம் ஒடுங்கி, இறுதியில் சாலையின் இருபுறமும் நீரே தெரிகின்றது. இடப்புறம் பாக்கு நீரிணை. வலப்புறம் மன்னார் வளைகுடா. எதிரே இலங்கையின் தலைமன்னாரை நோக்கி மணல்திட்டுகள் வரிசையாகச் செல்கின்றன. அவ்வரிசையையே இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கின்றனர்.

இடப்புறக் கடலைப் பெண்கடல் என்றும், வலப்புறக் கடலை ஆண்கடல் என்றும் அவ்வூர் மீனவர் வழங்குகின்றனர். முன்னது அமைதியானது, பின்னது சீற்றமுடையது என்பது அதன் பொருள். ஆனால் நாங்கள் கண்டதோ நேர்மாறாக இருந்தது. பெண்கடல் கலங்கி ஆர்ப்பரிக்க, ஆண்கடல் அடங்கிக் கிடந்தது. எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநரை வினவினோம். “இது வாடைக்காலம் ஐயா. இப்போது காற்று வடக்கே இருந்து வருகிறது. ஆனி, ஆடியில் வந்து பாருங்கள், எல்லாம் மாறியிருக்கும்” என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. நம் நாட்டில் கிளந்தானுக்கும் திரங்கானுவுக்கும் ஆண்டுதோறும் பெருமழையைக் கொணர்கின்ற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும் வீசுகின்றது. அக்காலத்தில் வடபுறக் கடல் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்புறக் கடல் கொந்தளிக்கும். அலைகள் கரையைச் சாய்வாக மோதும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றன. ஒரு பருவத்தில் சேர்ந்த மணலை மறு பருவம் இடம் பெயர்க்கின்றது. ஆதலின் முனையின் வடிவம் நிலையானதன்று. ஒருமுறை கண்ட கரைக்கோட்டை மறுமுறை காணல் அரிது. அங்கு நீரோட்டம் வலிது. காலடி மணலும் நழுவும். ஆகவே இறங்கி நீராடுதல் பேராபத்தாகும்.

இரு கடல் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை எனச் சிலர் கூறுவர். அது தவறு. ஒரு கடல் ஆழம் குறைந்து, மண் கலங்கி, நிறம் வேறுபட்டுத் தோன்றுவதால் இடையே கோடு கிழித்தாற்போல் தெரிகின்றது. நீர் இடைவிடாது கலந்துகொண்டே இருக்கின்றது.

இம்மணலின் மீது ஒரு காலத்தில் ஊர் ஒன்று செழித்திருந்தது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பெற்றபின், சென்னையிலிருந்து புறப்படும் வண்டி தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயா வந்தது போல, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருட் பலர் இவ்வழியே சென்றனர். ஆதலால் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் இவ்வூரை அயலூராகக் கருதலாகாது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் வீசியது. புயற்காற்று கடல்நீரை முன்தள்ளுங்கால் கடல்மட்டமே உயர்ந்து கரைமேல் ஏறும். தாழ்ந்த மணல் நிலத்தில் அதனைத் தடுக்க ஏதுமில்லை. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி, நிலையத்தை அடையுமுன் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் அழிந்தது. சேதமுற்ற பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தனர். தனுஷ்கோடியையோ வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. கூரையிழந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களின் முன் நாங்கள் நெடுநேரம் பேச்சற்று நின்றோம்.

ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில அவ்விடத்தை விட்டகலவில்லை. ஓலைக் குடிசையருகே மூதாட்டி ஒருவர் மணலில் சிறு குழி தோண்டி, ஊறிய நீரைச் சிரட்டையால் முகந்துகொண்டிருந்தார். “குடித்துப் பாருங்கள் ஐயா, உப்பிருக்காது” என்றார். குடித்தோம், நன்னீராகவே இருந்தது! இருபுறமும் உப்புக்கடல் இருக்க, இஃது எவ்வாறு? மழைநீர் மணலில் இறங்குகின்றது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. ஆதலின் அடியிலுள்ள உப்புநீரின்மேல் அது மிதந்து நிற்கின்றது. ஆழத் தோண்டினாலோ, மிகுதியாக இறைத்தாலோ உப்புநீர் மேலேறிவிடும். அம்மூதாட்டி பள்ளியில் பயின்றவரல்லர். எனினும் ஒரு குடம் நிறைந்ததும் குழியை விட்டு எழுந்தார். “இன்னும் எடுத்தால் கரித்துவிடும். நாளைக்கும் வேண்டுமே” என்றார்.

மாணவர்களே! அம்முனை கடல் தந்த நிலம். கடல் மீட்டுக்கொள்ளவும் கூடிய நிலம். அதன் இயல்பறிந்து, அளவறிந்து வாழ்வோருக்கு அது குடிநீரும் தருகின்றது. நம் ஊர் ஆற்றுக்கும் கடலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மழைக்காலத்தில் ஆற்றங்கரைக்குச் செல்லாதீர் என்று பெரியோர் கூறினால், அச்சுறுத்துகின்றனர் என எண்ணாதீர். 1964ஆம் ஆண்டின் அந்த இரவில், புயலின் போக்கை மணிக்கு மணி அறியும் வசதி இல்லை. இன்று நமக்கு அஃது உண்டு. எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதே அன்று மாண்டோர்க்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.