பீட்ரூட் ஏன் தட்டையாயிற்று?

ஒரு பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகத் தெரிகிறதல்லவா? மரத்தில் உள்ள ஆண்டு வளையங்களைப் போன்றவை அல்ல இவை. எல்லாம் ஒரே பருவத்தில் உண்டானவை. நீரையும் உணவையும் கடத்தும் திசுவும், சர்க்கரையைச் சேமிக்கும் திசுவும் மாறி மாறி அமைவதே இதற்குக் காரணம்.

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உருண்டையான, கருஞ்சிவப்புப் பீட்ரூட்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகரச் சந்தைகளுக்குக் காய்கறி பயிரிட்ட தோட்டக்காரர்களிடம் பல ரகங்கள் இருந்தன. இத்தாலியின் கியோஜா ரகத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள் பளிச்சிடும். பிரான்சின் கிராப்போதீன் நீண்டிருக்கும். அதன் தோல் மரப்பட்டையைப் போல் சொரசொரப்பானது. 'எகிப்தியத் தட்டை' என்ற ரகமோ பெயருக்கேற்பத் தட்டையானது.

தட்டையாக இருப்பதில் என்ன நன்மை? அமெரிக்காவின் பாஸ்டன் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே குளிர்காலம் கடுமையானது. வசந்தத்தில் முதலில் சந்தைக்கு வரும் காய்க்கே நல்ல விலை. ஆகவே தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தைக் குவித்து, அதன்மீது சிறிதளவு மண்ணைப் பரப்பி, மேலே கண்ணாடிச் சட்டங்களால் மூடினார்கள். சாணத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வெப்பம் வெளிப்படும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடான காற்றை வெளியே விடாது. வெளியே குளிர் இருந்தாலும் பாத்தி கதகதப்பாக இருக்கும்!

ஆனால் ஆழமில்லாத அந்த மண்ணில் நீண்ட கிழங்கு இறங்க இடமில்லை. எகிப்தியத் தட்டையோ பெரும்பகுதி மண்ணுக்கு மேலேயே நின்று விரைவில் திரளும். பாஸ்டன் அருகே ஆர்லிங்டனில் ஜோசையா கிராஸ்பி என்ற தோட்டக்காரர் அதிலிருந்து சற்றுத் தடித்த, வழுவழுப்பான கிழங்குகளைத் தேர்ந்தெடுத்தார். அந்த ரகம் இன்றும் 'கிராஸ்பியின் எகிப்தியன்' என்றே அழைக்கப்படுகிறது.

இவ்வாறு தேர்ந்தெடுப்பது எளிதன்று. பீட்ரூட் முதல் ஆண்டு கிழங்கு வைக்கும். குளிரைக் கடந்த பின், இரண்டாம் ஆண்டில்தான் பூத்து விதை தரும். எனவே நல்ல கிழங்குகளைச் சந்தைக்கு அனுப்பாமல் குளிர்காலம் முழுவதும் பாதுகாத்து, மறுபடி நடவேண்டும். இதன் மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு பறக்கும். அருகில் வேறு ரகம் பூத்தால் இரண்டும் கலந்துவிடும்.

பின்னர், டப்பாவில் அடைக்க ஏற்ற, ஒரே சீரான உருண்டைக் கிழங்குகள் விரும்பப்பட்டன. 1892-இல் வெளிவந்த 'டெட்ராய்ட் கருஞ்சிவப்பு' அத்தகையது. மற்ற ரகங்களை நாடுவோர் குறைந்தனர்.

விதையும் என்றென்றும் உயிரோடு இருப்பதில்லை. ஒரு ரகத்தை அழிக்க அதை யாரும் பிடுங்கி எறியவேண்டியதில்லை. சில ஆண்டுகள் விதை எடுக்காமல் விட்டாலே போதும். கியோஜாவும் கிராப்போதீனும் இன்றும் கிடைக்கின்றன என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ விடாமல் விதை எடுத்து வந்ததே காரணம்.

உங்கள் ஊரில் முன்பு விளைந்து, இப்போது காணமுடியாத கத்தரி, அவரை ரகங்கள் உண்டா? பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள். யார் வீட்டிலாவது விதை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.