ஒப்பாரிக்கு மூன்று சுரம் போதும்

1909இல் ஜொகூர் ரயில்பாதை முடிந்ததும் கூலாய், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என அதன் இருபுறமும் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றார்கள். நெரை நெரையாகப் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார்கள். இரவில் பிள்ளைக்குத் தாலாட்டு, லயத்து வரிசை வீடுகளில் சாவு விழுந்தால் ஒப்பாரி. அவர்களுக்கு வாய்த்த வெகுமக்கள் இசை அதுதான்.

இந்தப் பாட்டுகளின் மெட்டு பெரும்பாலும் மூன்று, நான்கு சுரங்களுக்குள்ளேயே சுற்றிவரும். இதைத் திறமைக் குறைவென்று எண்ணுபவர்கள் உண்டு. ஆனால் மெட்டு எளிதாக இருப்பதால்தான் யாராலும் தன் வரியைச் சேர்க்க முடிகிறது. மாமியார் கொடுமையைப் பாடிய அதே இழுப்பில் கங்காணியின் ஏமாற்றையும் துரையின் அதட்டலையும் பாடலாம். எங்கே மூச்சு விடுவது என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லைத் தேடினால் போதும்.

நல்ல கண்ட்ரி பாட்டுக்கு மூன்று கார்டும் (சுரக்கூட்டும்) உண்மையும் போதும் என்று அமெரிக்கப் பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்ட் (1927–2002) சொன்னதாகக் கூறுவார்கள். கிட்டார் கற்பவர் தொடக்கத்தில் பிடிக்கும் சி, எஃப், ஜி கார்டுகள் நம் கணக்கில் ச, ம, ப மேல் எழுபவை. லாரி ஓட்டுநரும் கூடவே பாடிவிடலாம். தோட்டத்துப் பெண்களிடம் கிட்டார் இல்லை; அதே வழியை அவர்கள் தாங்களாகவே கண்டிருந்தார்கள்.

பாட்டு சொல்லாமல் விடுவது

1942–43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தமிழர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. போனவர் திரும்பவில்லை என்று ஒப்பாரி அழும்; எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எந்த முகாமில் இறந்தார் என்று அது சொல்லாது. அந்த வேலை அபுனைவு நூலுக்குரியது. ஆனால் அந்த ரயிலைப் பற்றித் தமிழில் பரவலாக அறியப்பட்டிருப்பது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற நாவல்.

பாட்டுச் சேகரிப்பு, அபுனைவு இரண்டையும் செய்தவர்கள் உண்டு. இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்தார். 'பார்ன் டு லேபர்' என்ற ஆங்கில நூலில் அதே மக்களின் வாழ்வையும் எழுதினார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி 'நாடு விட்டு நாடு' என்று தன் குடும்பத்தின் கதையைச் சொன்னார். நாட்டுப்புறப் பாடல்களையும் சேகரித்தார். பாட்டுக் கேட்டுப் பழகிய காது உரைநடையிலும் உதவும். கூலி எவ்வளவு, பெரட்டு எத்தனை மணிக்கு, யார் பெயர் வெட்டப்பட்டது என்று நேராகச் சொல்லும் வாக்கியத்துக்கு அடைமொழி தேவைப்படாது.

இன்று ஜொகூரில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது; பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. பழைய பாட்டுத் தெரிந்த பாட்டிகள் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைக் கைப்பேசியில் பிடிக்கும் பேரப்பிள்ளைகள், பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாமல் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் தீம்பார், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதி? யார் இறந்தபோது பாடியது? அந்த விவரம் இல்லாத பாட்டு எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும். எந்தத் தோட்டத்துக்கும் சாட்சியாகாது.