கிருபையும் கணக்கும்



நாம் எல்லோரும் காயப்பட்டவர்கள், எல்லோருக்கும் கடவுளின் கிருபை வேண்டும் என்கிற பிரசங்கத்தை நெல்லைச் சீமையின் கோயில்களில் கேட்காத ஞாயிறு குறைவு. அது பொய்யல்ல. ஆனால் அந்த உபதேசம் முதலில் யாருடைய தலைக்கனத்தை உடைக்கச் சொல்லப்பட்டது, இன்று யாரைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

ரோமாபுரிச் சபையில் யூதரும் யூதரல்லாதாரும் ஒருவரையொருவர் தாழ்வாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு எழுதிய நிருபத்தில்தான் பவுல் எல்லோரும் பாவிகள் என்கிறார். பிறப்பைக் காட்டியோ ஆசாரத்தைக் காட்டியோ கடவுள்முன் ஒருவரும் முந்தி நிற்க முடியாது. கிடைப்பது உழைத்துச் சம்பாதித்ததல்ல, சும்மா கொடுக்கப்பட்டது. அதுதான் கிருபை. மேன்மை பாராட்டுகிறவனின் வாயை அடைக்க வந்த சொல் அது.

தாமிரபரணிக் கரையில் இந்தச் சொல் இறங்கியபோது அதன் எதிரே நின்றது வினைப்பயன். ஆற்றுப் பாசன நஞ்சையில் பெரும்பகுதி பிராமணர், வேளாளர், கோயில்கள், மடங்கள் கையில். சேற்றில் இறங்கியவர்கள் பள்ளரும் பறையரும். நீ படும் பாடு நீ முன்பு செய்ததன் கூலி என்று சொல்லப்பட்டவர்களிடம், கடவுள் கூலிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை என்று சொன்னால் அது வெறும் ஆறுதலா? 1778இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா பிராமண விதவை. அவரைச் சுற்றி உருவான சபையின் 1780ஆம் ஆண்டுப் பட்டியலில் சுமார் 40 பெயர்கள், பல சாதியினர். ஒரே ஏட்டில் அவ்வளவு சாதிகளின் பெயர்கள் எழுதப்பட்டதே அன்றைக்குப் பெரிய காரியம்.

ஏட்டில் சேர்ந்தவர்கள் பெஞ்சில் சேரவில்லை. தாமிரபரணிக்குத் தெற்கே, ராதாபுரம் பகுதியில் உள்ள வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோயிலைப் பாருங்கள். கால்சட்டை போல இரண்டு கூடங்கள், அவை சேருமிடத்தில் ஒரே பீடம். ஒரு காலில் வேளாளர், மறுகாலில் நாடார்கள். பூசை இருவருக்கும் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பொதுவான கிருபை, தனித்தனி வாசல் என்பதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்தே எழுதிவிட்டார்கள்! 1910இல் பாதிரியார்கள் சுவரை இடித்தார்கள். வேளாளர் தரப்பு வழக்குக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றமும் அவர்கள் உரிமை கோரியதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தலித்துகள் கட்சிக்காரர்கள்கூட அல்ல. சமத்துவம் பற்றி ஒரு கோயில் நீதிமன்றம் வரை போய்ப் பேசியது. அந்தப் பேச்சில் நமக்கு இடமில்லை. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்தச் சுவர் நிற்கிறது.

எல்லாக் காயமும் ஒன்றல்ல. நோயும் மூப்பும் சாவும் எல்லோருக்கும் உண்டு. அங்கே ஒருவரையொருவர் தாங்குவது சரி. ஆனால் அடித்தவனின் கை தெரிகிற காயங்கள் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களை ஆதரித்தவர்களும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள்; கைக்குழந்தையும் அதில் உண்டு. பெரும்பாலோர் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் சொன்னது. ஆற்றில் இறங்க வைத்தது யார் என்பதை 'மூழ்கி' என்ற சொல் மூடிக்கொண்டது. 2018 அக்டோபரில் அதே ஆற்றில் பாவம் தீர மகா புஷ்கரம் நீராடினார்கள். எல்லோரும் காயப்பட்டவர்கள் என்ற வாக்கியத்தை இந்த இடத்தில் சொன்னால், லத்தி பிடித்த கைக்கும் குழந்தையின் உடலுக்கும் நடுவே வித்தியாசம் இல்லாமல் போகும்.

கிருபை கணக்கை ரத்துசெய்யும் என்று நினைப்பவர்கள் லூக்கா சொல்லும் சகேயுவைப் படிக்கட்டும். அவன் வரிவசூல் தலைவன். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். அவன் எந்தத் தகுதியும் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்வது கணக்கு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப. மன்னிப்பு வாங்கிய கையோடு அவன் நிலப் பத்திரத்தையும் எடுத்து வைத்தான் என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லலாம்.

உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலிலும் ஆணித் தழும்பு இருந்தது. தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் தோமா. அவருக்கு அது காட்டப்பட்டது. நம்மிடமும் அதையே கேட்கிறார்கள். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்ற தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவர் ஆதிதிராவிடர், ஆனால் கிறிஸ்தவர். மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் வழக்குத் தள்ளுபடியானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்டது; கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இல்லை. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

அதுவரை நம் பிள்ளைகள் பலருக்குச் சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர். இரண்டாவதைக் கோயிலுக்கு வெளியே சொல்லாதே என்று அம்மாக்கள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.