தளை தட்டும் நாடி

மாத்திரை என்னும் சொல் தமிழில் மூன்று தொழில் புரிகின்றது. இலக்கணம் கற்பிப்போர்க்கு அஃது எழுத்தொலியின் கால அளவு. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் அதன் எல்லை. சித்த வைத்தியர்க்கு அது நாடி நடையின் அளவு. வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என்பது அவர்தம் வாய்பாடு. இக்காலத்தார்க்கோ அது மருந்துக் கடையில் எண்ணிக் கொடுக்கப்படும் வில்லை. இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுவது இதயத் துடிப்பின் காலம் பிறழும் நோயிலேதான்.

ஏறாவூரில் ஒருவர் தம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதென்று திண்ணையில் இருந்து சொன்னால், அருகிருப்பவர் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “அது வாய்வு மச்சான், உள்ளி அவிச்சிக் குடிங்க.” அவ்விடையை முற்றும் நகைக்க வேண்டுவதில்லை. நெஞ்சுப் படபடப்பிற் பெரும்பகுதி தீங்கற்றதே. எனினும் அப்படபடப்பையே முன்னறிவிப்பாகக் கொண்டு பின்னொரு நாள் பாரிசவாதம் வந்து, கையும் காலும் வாயும் ஒரு பக்கமாய் விழுந்து கிடப்போரும் உளர். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதெங்ஙனம் என்பதே ஈண்டுக் கேள்வி.

நம் முன்னோர் பிரித்தறிய முயன்றனர். ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம் என மூவிரல் வைத்து மணிக்கட்டைத் தொட்டனர். வாத நாடி அன்னம்போலவும் கோழிபோலவும் நடக்கும், பித்த நாடி ஆமைபோலவும் அட்டைபோலவும் நடக்கும், ஐய நாடி தவளைபோலவும் பாம்புபோலவும் செல்லும் என உவமை கூறினர். உவமைக்கு நான் எப்பொழுதும் வசப்பட்டவன். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நாடியின் நடையை ஊன்றி நோக்கிய அப்பழக்கமே மெச்சத்தக்கது. அதனினின்று நோயின் காரணத்தையும் மருந்தையும் ஒருங்கே துணிந்துவிட்டமை மெச்சத்தக்கதன்று. விரல் நடையை அறியும். நடை பிறழ்ந்தது ஏன் என்பதை விரல் அறியாது.

காரணம் இதயத்தின் உள்ளே இருக்கிறது. இதயத்தின் வலப்புற மேலறையில் ஒரு சிறு திசுமுடிச்சு உண்டு. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் அதனைக் கண்டு வெளியிட்டனர். சீரை அளந்து விடுவது அம்முடிச்சே. அஃது எழுப்பும் நுண்ணிய மின்னலை மேலறைகள் இரண்டையும் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள வேறொரு முடிச்சில் சிறிது தாமதித்து, பின் கீழறைகளிற் பரவும். அந்நடு முடிச்சை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் விளக்கினார். ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர்க்கு இவ்வாறு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பு நிகழும். ஒரு நாட் கணக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம்.

இம்மின்னலையைத் தாளில் வரையும் கருவியை நெதர்லாந்தின் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். அக்காலத்தில் நோயாளி உப்புநீர்ப் பாத்திரங்களிற் கைகளையும் காலையும் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். இன்று அதே சோதனை சில நிமிடங்களில், படுக்கையில் முடிகின்றது. ஈ.சி.ஜி. என்று சிறுவரும் சொல்வது அதனையே.

இனித் தளை தட்டும் வகைகளைப் பார்ப்போம். இடையில் ஒரு துடிப்பு முந்தி வந்து, பின் சிறு இடைவெளி விட்டு, அடுத்தது ஓங்கி அடிப்பது ஒன்று. செய்யுளில் மிகையாக வந்த ஓர் அசைபோன்றது அது. இதய நோய் வேறில்லாதவர்க்கு அதனாற் பெரும்பாலும் தீங்கில்லை. துடிப்பு மிக மெதுவாகித் தலைசுற்றி விழச் செய்வது வேறொன்று. திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் விரைவு மற்றொன்று. ஆனால் நான் சிறப்பாகக் கூற விழைவது மேலறைகளின் நடுக்கத்தையே. இதில் மேலறைகள் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலாக வெறுமனே துடிதுடிக்கும். நடு முடிச்சு அவற்றுட் சிலவற்றை மட்டும் கண்டபடி கீழே விடும். அதனால் மணிக்கட்டில் எந்தச் சீரும் எந்தச் சீரோடும் ஒவ்வாது. தளை தட்டியது என்பதும் பொருந்தாது, யாப்பே அங்கில்லை.

சுருங்காத அறையிற் குருதி தேங்கும். தேங்கிய குருதி உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் அதுவே பாரிசவாதம். இந்நடுக்கம் உள்ளவர்க்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். முதுமை, குருதியழுத்தம், தைரொய்ட்டுச் சுரப்பியின் மிகை, மது ஆகியன இதற்குக் காரணமாவன. இளமையில் தொண்டை நோவுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல் இதய வாயிலைச் சுருக்கிவிட்டால் நடுக்கமும் வரும். உறைவின் அபாயமும் பன்மடங்கு பெருகும்.

மருந்தின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. 1912இல் வெங்கெபாக் என்னும் ஒல்லாந்த மருத்துவரிடம் கீழைத் தேசங்களோடு வாணிகம் செய்த ஒல்லாந்த வணிகர் ஒருவர் சென்றார். நாடி ஒழுங்கின்றி இருந்தது. அதனை நிறுத்த வழியில்லை என்று மருத்துவர் கூற, வணிகரோ தமக்கு வழி தெரியும் என்றும், மறுநாட் காலை ஒழுங்கான நாடியோடு வருவதாகவும் கூறிச் சென்றார், அவ்வாறே வந்தார். அவர் உட்கொண்டது கொயினா! காய்ச்சல் நாடுகளிற் பழகியவர் கைக்கொண்ட கசப்பு மருந்து இதய மருந்தாயிற்று. வெங்கெபாக் இதனை 1914இல் எழுதினார். 1918இல் வால்ட்டர் ஃபிரை அதன் உடன்பிறப்பான குயினிடின் இன்னும் வலியது எனக் காட்டினார். மலேரியாவோடு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து, 2016இலேயே அந்நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற இலங்கையிற் கொயினாவை அறியாத முதியோர் இலர். ஆயினும் அதற்கு இப்படியொரு மறுமுகம் உண்டென்பதை அறிந்தோர் சிலரே. குயினிடினே சிலர்க்குக் கொடிய பிறழ்துடிப்பை எழுப்பக் கண்டு, பிற்காலத்தார் அதனைப் பெரிதும் கைவிட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றொன்று சர்ப்பகந்தி வேர். 1931இல் தில்லித் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரினின்று ஒரு பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். அதுவும் இதயத் துடிப்பை அடக்கும் மருந்தாயிற்று. மறைந்திருக்கும் ஒருவகை மின்கோளாற்றை வெளிப்படுத்த இன்றும் பயன்படுகின்றது.

இவற்றைக் கேட்டு வேரைத் தேடி அவிப்போர்க்கு ஒரு சொல். மூலிகையினின்று மருந்து வந்தது என்பதனால் மூலிகையே மருந்தாகிவிடாது. 1785இல் வில்லியம் விதரிங் எழுதி நிலைநாட்டிய டிஜிற்றாலிஸ் என்னும் இதய மருந்தோடு ஓரினமான நஞ்சு நம் வேலியோரத்து மஞ்சள் அலரியில் உண்டு. அந்நஞ்சினாற் குலைந்த துடிப்பை மாற்றும் எதிர்மருந்தைக் கொழும்பில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். பிள்ளைகள் விளையாடும் வளவில் அம்மரம் நிற்க வேண்டுவதில்லை.

இன்றைய சிகிச்சையைச் சுருங்கக் கூறலாம். துடிப்பின் வேகத்தைத் தணிப்பது ஒரு வழி. மருந்தாலோ அளந்த மின்னதிர்ச்சியாலோ ஒழுங்கை மீட்பது மற்றொரு வழி. 1998இல் பிரான்சின் போர்தோவில் ஹைசகேர் குழுவினர், நடுக்கத்தைத் தூண்டும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரற் சிரைகளின் வாயிலில் எழுகின்றன எனக் கண்டனர்; அதன்பின் குழாய் செலுத்தி அவ்விடத்தைச் சுட்டு அடைக்கும் முறை பெருகியது. மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு உள்ளே பதிக்கும் துடிப்பூட்டி 1958இல் சுவீடனில் முதன்முதல் வைக்கப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. அதனைப் பெற்றவரோ பின்னும் பல கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

எனினும் பாரிசவாதத்தைத் தடுப்பது இவையல்ல, குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரையே. அவற்றுட் பழையது வார்ஃபரின்; எலி மருந்தாக 1948இல் வந்து, பின் மனிதர்க்கும் ஆனது. புதியன பல வந்துள. ஆயினும் வாதக் காய்ச்சலாற் கெட்ட இதயத்தில் பழைய மருந்துவகையே மேலானதென 2022இல் வெளிவந்த ஒரு பன்னாட்டாய்வு காட்டிற்று. வார்ஃபரின் உண்போர் தவறாது குருதிச் சோதனை செய்ய வேண்டும். ஒரு வாரம் கீரையே உண்பதும் மறுவாரம் அதனைத் தொடாதிருப்பதும் கூடாது. அளவு ஒருபடித்தாக இருத்தல் வேண்டும். நோவு மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமற் சேர்த்தல் தீது. நம்மூரிற் பலர் நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தாது, வேளையை மாற்றிக்கொள்ளலாமா என்று மாதம் பிறக்குமுன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீட்டிலே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஐந்து நிமிடம் ஓய்ந்திருந்து, பெருவிரல் ஒழித்து மற்றை விரல்களைப் பெருவிரற் பக்கத்து மணிக்கட்டில் வைத்து, ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. எண்ணிக்கையோடு ஒழுங்கையும் கவனிக்க. படபடப்பு வந்த நாள், நேரம், நீடித்த அளவு ஆகியவற்றைத் தாளில் எழுதுக. படபடப்பு நிகழும்பொழுதே ஈ.சி.ஜி. எடுத்தல் நன்று, நின்றபின் எடுத்த தாள் பலவேளை ஒன்றும் சொல்லாது. ஏறாவூரில் ஆதார வைத்தியசாலை உண்டு. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை உண்டு. படபடப்போடு நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ மயக்கமோ கூடினால், அல்லது முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், உள்ளி அவியும்வரை காத்திராமல் அப்பொழுதே புறப்படுக.