ஃபுட்போர்டில் ஒரு ஃபிசிக்ஸ் கிளாஸ்!

எம்வி ஸ்கொயர் பை ஆர். பிளஸ் டூவில் நீங்களும் இதை எழுதி மார்க் வாங்கியிருப்பீங்க. எங்க பேட்ச்சில் ஒருத்தன் இருந்தான். ஃபிசிக்ஸ் மேஜர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஃபார்முலாவைச் சொல்வான். ஆனா காலேஜுக்கு வருவது மட்டும் தினமும் ஃபுட்போர்டில், ஒத்தைக் கையில் தொங்கிக்கிட்டுதான். ஒருநாள் ரவுண்டானாவில் பஸ் வலதுபக்கமா ஒடிச்சுத் திரும்ப, கை நழுவி ரோட்டில் விழுந்தான். முன்பல் ரெண்டு போச்சு, மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனா, மாவுக்கட்டைக் காட்டி 'எம்வி ஸ்கொயர் பை ஆர், மச்சி' என்றான். எங்களுக்குச் சிரிப்பு வரலை.

பஸ் உங்களை வெளியே தள்ளுவது மாதிரி தோணும். உண்மையில் நீங்க நேரா போகப் பார்க்கறீங்க, பஸ்தான் திரும்புது. உள்ளே நிற்கறவங்களை கம்பியோ, சீட்டோ, பக்கத்து ஆளோட தோளோ வளைவுக்குள் இழுத்துக்கும். படியில் தொங்கறவருக்கு விரல்களை விட்டா வேற கதியில்லை.

ஒரு கணக்கு போடுவோம். உங்க எடை 60 கிலோ. வளைவின் ஆரம் 30 மீட்டர். பஸ் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினா, சுமார் 6 கிலோ எடையைத் தாங்கற அளவுக்குப் பிடி இருந்தாப் போதும். ப்பூ, இவ்வளவுதானா? வேகத்தை 40 ஆக்குங்க. 12 இல்லீங்க, 25 கிலோ! ஒரு அரிசி மூட்டை. அந்த 'ஸ்கொயர்' செய்யற வேலை இது. நம்ம ஊர் பஸ்ஸில் வாசல் இடதுபக்கம். அதனால் வண்டி வலதுபக்கம் திரும்பும்போதுதான் வாசல் வழியா வெளியே போவீங்க.

சரி, படியை விட்டுட்டு ஜன்னல் ஓர சீட்டுக்கு வாங்க. அடுத்த டூர் ஊட்டிக்குத்தானே? மேட்டுப்பாளையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பிரிக்காம வைங்க (முடிஞ்சா!). கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற அது பலூன் மாதிரி உப்பும். கூடவே உங்க காதும் அடைக்கும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: உள்ளே இருப்பது கீழே இருந்து வந்த காற்று, வெளியே அழுத்தம் குறைஞ்சுபோச்சு. எச்சில் முழுங்கினா காது திறந்துக்கும், பாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காம சுமார் 93-லேயே கொதிச்சிடும். குக்கர் இல்லாம அங்கே பருப்பு வேகவைக்கறது பெரிய பாடு. திரும்பும்போது, காலி தண்ணி பாட்டிலை ஊட்டியிலேயே இறுக்கி மூடி பையில் போடுங்க. மேட்டுப்பாளையத்தில் எடுத்துப் பாருங்க, யாரோ கசக்கின மாதிரி நசுங்கியிருக்கும்.

ரயிலில் போறீங்களா? கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வெச்ச பட்டை தெரியும். 12 அடி போனா 1 அடி ஏறுகிற சரிவில், இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் உள்ள உராய்வு போதாது. அதனால் இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கடிச்சுக்கிட்டு ஏறுது. குன்னூர் வரைக்கும் 1899 முதல் இதே கதைதான்.

பயணத்தில் வேடிக்கை பார்த்தே பெரிய ஆளானவர் நம்ம சர் சி.வி. ராமன். 1921-ல் இங்கிலாந்து போனவர், 'நர்குண்டா' கப்பலில் திரும்பி வந்தார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. வானத்தோட பிரதிபலிப்புதான் கடல் நீலம்னு ராலே சொல்லிவெச்சிருந்தார். பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ராமன் விட்டுடலை. கைவசம் இருந்த நிக்கல் பட்டகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடிச்சு, பிரதிபலிப்பை மட்டும் வடிகட்டினார். அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்தது, இன்னும் பளிச்னு! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குதுன்னு கப்பலிலேயே எழுதி, பம்பாய் வந்ததும் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போனதுதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாகவும், 1930-ல் நோபலாகவும் முடிஞ்சது.

நிக்கல் பட்டகத்துக்கு எங்கே போறதுன்னு கேட்கறீங்களா? போலராய்டு கூலிங்கிளாஸ் இருந்தாப் போதும், ஓசி வாங்கினாலும் பரவாயில்லை. ஊட்டி ஏரியோ மெரினாவோ, கொஞ்சம் தள்ளி நின்னு சாய்வாத் தண்ணியைப் பாருங்க. கண் கூசற பளபளப்பு அடங்கியிருக்கும். இப்ப தலையை மெதுவாத் தோள்பக்கம் சாயுங்க. கூட வந்தவங்க ஒரு மாதிரியா பார்ப்பாங்க, பார்க்கட்டும். பளபளப்பு திரும்பி வருதா?