அந்த ஏழு நாள்!

மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். கடலூர் திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறை! உடம்புச் சூடு என்று இரண்டு வாரம் வெந்தயம் விழுங்கினேன். ஐம்பத்தேழு வயசில் இதை யாரிடம் சொல்வது?

சிதம்பரத்து அக்காவிடம் போனில் உளறினேன். "ஏண்டி, கூறு இருக்கா உனக்கு? காலைல பஸ் ஏறு!"

அங்கே அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. (பழைய ராஜா முத்தையா. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரம்!) "ஒரு வருஷம் முழுசா நின்னப்புறம் சொட்டு பட்டாலும் அது மாதவிலக்கு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிவதுதானாம். சிலருக்கு சதை வளர்ச்சி. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். ஸ்கேனில் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பயம் குறைவு. எனக்கு 9! துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ஏழு நாள் காத்திருப்பு. ரசத்தில் உப்பில்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளும் சொல்லவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

வெறும் சதை வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் எதிர்வீட்டம்மா கிசுகிசுத்தார்: "எனக்கும் கறை படுது... வெந்தயம் கேட்குமா?"

கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனேன்.