காறை எலும்பு பொருந்தும் காலம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருட்டுப்பட்ட நேரத்தில் சைக்கிளில் வருபவருக்குக் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கிட்டால் போதும். பிரேக்கை இறுக்கியதும் ஆள் காண்டிலுக்கு மேலால் எறியப்பட்டு, தோள்முனை அடிபட விழுகிறார். எழும்பும்போதே மற்றக் கையால் அடிபட்ட பக்கத்து முழங்கையைத் தாங்கிக்கொள்வார். காறை எலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குள் வருகிறார்கள்.

தொண்டைக்குழியின் ஓரத்திலிருந்து தோள்முனை வரை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே மெல்ல வளைந்து ஓடுகிறதே, அதுதான் காறை எலும்பு. கையை நடு உடம்போடு எலும்பால் இணைப்பது இது ஒன்றே. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் இதுதான். உள்முனை முற்றாகப் பொருந்தி முடிய 25 வயதுகூட ஆகலாம். தோளில் வாங்கிய அடி இதன் வழியாகத்தான் நெஞ்செலும்புக்குப் போகிறது. நடுப்பகுதி ஒடுக்கமானது, இறுக்கிப் பிடிக்கும் நார்களும் அங்கே இல்லை. ஆகவே ஐந்து முறிவுகளில் ஏறத்தாழ நான்கு அந்த நடுவில்தான். முறிந்ததும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்க, கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே இழுக்கிறது.

மட்டை வைத்துக் கட்ட முடியாத எலும்பு இது. முறிவு நெரிவு வைத்தியத்தில் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு உள்ள நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் எண்ணெய் போட்டு உருவுவதற்கு முன் ஒரு எக்ஸ்றே எடுத்தே ஆகவேண்டும். இந்த எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. விரல் விறைத்தால், மூச்சு முட்டினால், எலும்பு முனை தோலைக் குத்தித் தோல் வெளிறினால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கையைத் தாங்கும் தூக்குக் கட்டே போதும். துண்டுகள் முற்றாக விலகியிருந்தால் தகடு வைப்பதா என்று வைத்தியர் யோசிப்பார். 2007இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், அப்படி விலகிய முறிவுகளுக்குத் தகடு வைத்தவர்களிடம் பொருந்தாமல் போனது குறைவாகவே இருந்தது. தகட்டுக்கும் தொந்தரவு உண்டு: புண்ணில் கிருமி தொற்றலாம், ஆணி உறுத்தலாம்.

உள்ளே நடப்பதுதான் அதிசயம். முறிந்த இடத்தில் உறைந்த இரத்தத்துக்குள் புதிய கலங்கள் வந்து சேர, இரண்டு மூன்று வாரத்தில் றப்பர் போன்ற மென்மையான இணைப்பு உருவாகிறது. வலி அப்போதே பெருமளவு அடங்கிவிடும். அங்கேதான் ஆபத்து. அந்த இணைப்பு உறுதியான எலும்பாக மாற, வளர்ந்தவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். வலி தணிந்ததும் நோயாளி கவனத்தை விட்டுவிடுகிறார் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரட்டீசின் பெயரிலுள்ள கிரேக்க மருத்துவ நூல் இந்த எலும்பைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறது. மண்வெட்டியும் வாளியும் காத்திருக்கும் வன்னி வீட்டில் வேலைக்குத் திரும்பும் அவசரம் இன்னும் கூட.

அதற்காகக் கையை அசையாமல் வைத்திருக்கவும் கூடாது, தோள் இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாள் தொட்டே மடக்கி நீட்டலாம். வைத்தியர் சொன்னதும், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுங்கள். சேட்டு போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். தலையணைகளில் சாய்ந்து படுத்தால் நித்திரை வரும். சுருட்டும் சிகரெட்டும் எலும்பு பொருந்துவதைப் பிந்தச் செய்யும். பொருந்திய இடத்தில் தட்டுப்படும் மேடு பழுதல்ல, புது எலும்புதான்.

தோள் நோகாமல் முழுதாக உயர்ந்து, எக்ஸ்றேயிலும் எலும்பு சேர்ந்தது தெரிந்தபின் சைக்கிளில் ஏறலாம். முதலில் தார் வீதியில் ஓடுங்கள். கிரவல் பாதையின் குலுக்கல் காண்டில் வழியே நேரே தோளுக்கு வரும். கரியரில் நெல் மூட்டை ஏற்றி உழக்குவதை மூன்று மாதம் கழிய வைத்துக்கொள்ளுங்கள்.